காப்புக் காலத்தில் பூட்டிய மருந்து

ஊர்த் தலைவரே, என் தம்பி சாவுக்கு நீங்கள்தான் காரணம். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

அவனும் கடலுக்குப் போனவன்தான். வலை இழுக்கும்போது தோள்பட்டை பிசகியது. வலிக்கு ஊசி போட்டுக்கொள்ள ஆரம்பித்தான். வலி போன பிறகும் ஊசி போகவில்லை, அதன் போதை பிடித்துக்கொண்டது. எங்கள் குப்பத்தில் அப்படி நாலைந்து பேர் இருந்தார்கள். சுனாமிக்குப் பிறகு ஊருக்கு வந்துபோன டாக்டரம்மா ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, சமுதாயக் கூடத்துச் சுவரில் ஒரு மரப்பெட்டியை மாட்டினார். உள்ளே மருந்துக் குப்பிகளும் புது சிரிஞ்சுகளும் இருந்தன. அளவு மீறிப் போட்டுக்கொண்டவனுக்கு மூச்சு அடங்கிப் போகும். அந்த மருந்தைத் தொடையில் போட்டால் திரும்பும். பெட்டிக்குப் பூட்டு கிடையாது. யாரும் எடுக்கலாம், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. டாக்டரம்மா வைத்த ஒரே நிபந்தனை அது. காரைக்கால் மார்க்கெட்டில் மீன் விற்கிற எனக்கும் இன்னும் சில பெண்களுக்கும் ஊசி போடக் கற்றுக்கொடுத்தார்.

அது முதலில் காப்பாற்றியது உங்கள் அக்கா மகனை. ஊசி போட்டவள் நான். கண் விழித்ததும், "நிம்மதியாக் கெடந்தேன், ஏங்க்கா எழுப்பி வுட்ட?" என்று என்னையே ஏசினான்.

"போயிச் சேர்ந்துருந்தா ஒன் கருமாதிச் சோறாவது கெடச்சிருக்கும்டா" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள்.

அதன் பிறகு மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். சாமி சாமான்களைக் கூடத்தில் வைப்பது வழக்கம். நீங்கள் பெட்டியைக் கழற்றி, கூடத்துப் பின்னறை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டீர்கள். நான் வந்து கேட்டேன்.

"காப்புக் கட்டுன எடத்துல ஊசியும் சிரிஞ்சும் இருக்கலாமாம்மா? தீட்டு. சாமி காரியம் முடியட்டும், மாட்டிக்கலாம்."

"ஊசி தீட்டுங்கறீங்க. கன்னத்துல அலகு குத்திக்கிறீங்களே, அது மட்டும் ஆவுமா?"

"வாய் நீளுது ஒனக்கு. கூடைய எடுத்துக்கிட்டுப் போ."

திருவிழாவென்றால் படகு போகாது. கரையில் சும்மா உட்கார்ந்திருக்கிறவன் எதைத் தேடுவான் என்று உங்களுக்குத் தெரியாதா?

சாமி புறப்பாட்டன்று மதியம் தம்பியின் கூட்டாளி ஓடிவந்தான். "யக்கா, அவன் வலைக் கொட்டகையில குறட்டை வுட்டுக்கிட்டுக் கெடக்கான், உதடெல்லாம் நீலமா இருக்கு." போய்ப் பார்த்தால், குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்று வாயில் எலுமிச்சைச் சாற்றை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு ஓடினேன். ஊர்வலம் தெருவை அடைத்திருந்தது, ஆட்டோ உள்ளே வர வழியில்லை. நீங்கள் சாமிக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தீர்கள். மேளச் சத்தத்தில் உங்கள் காதருகே கத்தினேன்.

"சாமி நடுத்தெருவுல நிக்குதும்மா. கோயில் சேரட்டும்" என்றீர்கள்.

சாவியைப் பிடுங்கக் கை நீட்டினேன். காப்புக் கட்டியவரைப் பொம்பளை தொட்டுவிட்டாள் என்று உங்கள் ஆட்கள் என்னைக் கீழே தள்ளினார்கள்.

கடைசியில் கடப்பாரையால் பீரோவை நெம்பியது உங்கள் அக்கா மகன். மருந்து அப்படியே இருந்தது. எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன். போட்டேன். வாயில் வாய் வைத்து ஊதினேன். இன்னொன்றும் போட்டேன். உடம்பில் சூடு இருந்தது. மூச்சு வரவில்லை.

காப்புக் காலத்தில் ஊருக்குள் பிணம் கிடக்கக் கூடாது என்று பொழுது சாய்வதற்குள் எடுக்கச் சொன்னீர்கள். பறை கூடாது, ஒப்பாரி கூடாது. அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். கேட்டவர்களிடம் "குடிச்சுச் செத்தான்" என்றீர்கள். பீரோவை உடைத்ததற்கு உங்கள் அக்கா மகனுக்கு ஊர்க்கூட்டத்தில் தண்டம் போட்டீர்கள். பெட்டி சுவருக்குத் திரும்பி வரவேயில்லை.

ஊர்க்கூட்டத்தில் பெண்கள் பேச இடமில்லை. அதனால்தான் எழுதுகிறேன். வலைக் கொட்டகைக்குப் பின்னால் இன்றும் சிலர் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். அவர்களுக்கும் அக்கா தங்கச்சி உண்டு. மறுபடியும் காப்பு வருகிறது. இந்த முறை மருந்து எங்கே இருக்கும், அவசரத்துக்கு யார் எடுத்துத் தருவார்கள்? என் வீட்டுக்கு வந்து ரகசியமாகச் சொல்ல வேண்டாம். ஊர் கூடி நிற்கும்போது, கோயில் மைக்கில், பெண்கள் காதிலும் விழும்படி பதில் சொல்லுங்கள்.