சேற்றோடு எடுத்த படம்

"முத்தலிப் நானா பிலிம் இல்லாமத்தான் படம் எடுக்கிறவராம். பளையில கதைக்கினம்," என்றாள் அயல்வீட்டு இரஞ்சிதம். கமலாசனி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தாள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. வவுனியாவில் கடை வைத்திருந்த நானா, பஸ்ஸில் சைக்கிளையும் ஏற்றிவந்து ஊர் ஊராகப் புடவை விற்பார். வழியில் எருமை குளிப்பாட்டுகிறவர்களையும் களத்தில் நெற்சூடு மிதிக்கிறவர்களையும் பெட்டிக் கமராவில் பிடிப்பார். போன விதைப்பில் கமலாசனியின் புருஷன் அப்புத்துரையையும் வயலில் வைத்துப் பிடித்தார்.

"சட்டை போட்டிட்டு வரட்டே, நானா?"

"வேண்டாம் தம்பி, உந்தச் சேறுதான் வடிவு."

அப்புத்துரை வாய்விட்டுச் சிரித்தான். தையில் காய்ச்சல் அவனைக் கொண்டுபோனது. நானா எடுத்த படம் இன்னும் கைக்கு வரவில்லை; அவனுக்கு வேறு படமே இல்லை.

அவள் பரந்தன் கடைக்கு ஓடி, நானாவின் கடைக்குப் போன் எடுக்கச் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமையெல்லே பிள்ளை, நானா ஜும்மாத் தொழுகைக்குப் போயிருப்பார்," என்றார் கடைக்காரர்.

"பரவாயில்லை அண்ணை, அடிக்கட்டும். பதில் வரும்வரைக்கும் படம் இருக்கெண்டு நினைக்கலாமே."

அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டேயிருந்தது.