கம்பவுண்டர் ஞானமுத்து வடித்த புதினா எண்ணெய்

கம்பவுண்டர் ஞானமுத்து இறந்த செய்தி எனக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது. அவரைப் பார்க்கத்தான் கூமாப்பட்டியில் பஸ் ஏறியிருந்தேன். டிக்கெட் கிழித்துக்கொண்டே கண்டக்டர், "ஒங்க கம்பவுண்டர அடக்கம் பண்ணியாச்சே, தெரியாதா?" என்றார். ஸ்ரீவில்லிபுத்தூர் போய் இறங்கினேன். கல்லறையில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. பேசுவதற்கு ஆள் இல்லை.

ஆஸ்பத்திரியில் வயிற்றுவலி மருந்து கலந்தே முடி நரைத்த மனுசர் அவர். யுத்தத்தில் சீமைப் புதினா எண்ணெய் வருவது நின்றுபோனதும் என் தோட்டத்துக்கு வந்தார். "அண்ணாச்சி, அரை ஏக்கர் தாங்க. மருந்துப் புதினா போட்டு நாமளே வடிச்சிருவோம்" என்றார். "துவையலுக்கா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. மலைத்தோட்டம் ஒன்றிலிருந்து கொடி வரவழைத்தார். ராஜபாளையத்தில் செம்புக் கொப்பரை அடித்து, உள்ளே ஈயம் பூசி வாங்கினார். இலை தண்ணீரில் படாமல் ஆவியில் மட்டும் வேக, ஓட்டை போட்ட தட்டு ஒன்றை நடுவில் பொருத்தினார்.

முதல் அறுவடைக்கு முந்தைய நாள் நான் மடையைத் திறந்தேன். சந்தைக்குப் போகும் கீரைக்கு அதுதானே எங்கள் வழக்கம். தண்ணீர் குடித்தால் கட்டு கனக்கும். மனுசர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து, மண்ணை அள்ளிப் போட்டு மடையை அடைத்தார். "எடைய வச்சு நான் என்ன செய்ய? வாசம்லா வேணும்" என்றார். மொட்டு விட்ட பக்குவத்தில் வெட்டிய தழையை ஒரு நாள் நிழலில் வாடப் போட்டுத்தான் கொப்பரையில் ஏற்றினார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் எண்ணெய் வந்தபோது தோட்டமே மணத்தது. மாதிரிக்கு அனுப்பிய குப்பியைப் பார்த்த மதுரை மருந்துக்கடைக்காரர், அடுத்த வடிப்பும் இதே தரத்தில் இருந்தால் மாதாமாதம் எடுத்துக்கொள்வதாக எழுதினார்.

அடுத்த வடிப்பு பெரிய வெள்ளியன்று வந்து வாய்த்தது. தழை அதற்கு மேல் தாங்காது. அவரோ அன்று கோயிலில் மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனையை விடுகிற ஆள் இல்லை. கோயிலுக்குப் புறப்படும்போது என்னிடம் சொன்னார்: "மொதல்ல வார எண்ணெதான் எண்ணெ, அண்ணாச்சி. வாசம் மாறுச்சுன்னா தீய இழுத்துருங்க. பொறவு வாரத அதுல சேத்துராதிய."

வாசம் மாறியது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் சொட்டிக்கொண்டிருந்ததை விட மனசு வரவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விறகைத் தள்ளினேன். தண்ணீர் வற்றி அடித்தழை கருகும்வரை எரித்து, வந்ததையெல்லாம் நல்ல எண்ணெயோடு சேர்த்து ஊற்றினேன்.

மதுரையிலிருந்து எண்ணெய் திரும்பி வந்தது. கருகல் வாடை அடிக்கிறதாம், இனி அனுப்பவேண்டாமாம். அவர் கொப்பரையைத் தலைகீழாகக் கவிழ்த்து, விரலால் தடவித் தடவிப் பார்த்தார். "தீய எப்ப இழுத்திய?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். "நீங்க சொன்ன பக்குவத்துலதான்" என்றேன். "அப்ப எங் கொப்பரைதான் சரியில்ல" என்றார். மறுபடி ஈயம் பூசினார், தட்டை மாற்றினார், இன்னும் இரண்டு வெள்ளாமை போட்டார். எண்ணெய் நன்றாகத்தான் வந்தது, வாங்கத்தான் ஆள் இல்லை. யுத்தம் முடிந்து சீமைக் குப்பிகள் கடைக்கு வந்ததும் கொப்பரையைப் பரணில் ஏற்றிவிட்டார்.

உண்மையைச் சொல்ல எத்தனையோ தடவை அவர் வீட்டுக்குப் போனேன். காப்பி குடித்துவிட்டு, மழையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன். இப்போது அந்த வீட்டு வாசலைக் கடந்து நடக்கிறேன். உள்ளே கூப்பிட யாரும் இல்லை.

அவரைத் தெரிந்த உங்களில் பலர் 'கருகல் கம்பவுண்டர்' என்று கேலி பேசினீர்கள். நானும் கூட இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் அறுவடையில் அவர் கையால் வடித்து, என் மகளின் வயிற்றுவலிக்குக் கொடுத்த சிறு குப்பி ஒன்று என்னிடம் இருக்கிறது. பாதிக்கு மேல் மிச்சம். யார் வேண்டுமானாலும் வந்து முகர்ந்து பாருங்கள். அதுதான் அவர் வடித்தது. மதுரையிலிருந்து திரும்பி வந்தது நான் வடித்தது.