கோழிக்குப் போன தவிடு

பக்கத்து வீட்டிலிருந்து சிரட்டையில் வாங்கி வந்த நெருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அண்ணி அடுப்பையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இத எங்க வைக்கணும்?" என்று கேட்டாள். ஐந்து வருடமாக அந்த அடுப்பில் எங்களுக்கு ஆக்கிப் போட்டவள் அவள். விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அது ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலம். பாடாங் செராய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். பால்வெட்டு நின்றுபோய், மரங்களைச் சாய்த்துவிட்டு மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தோம். அண்ணனைச் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய் ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. தோட்டக் கூலிகளுக்கான லயத்து வீட்டில் அண்ணி, அவளுடைய மூன்று வயது மகள், பத்தொன்பது வயது நான். பங்கீட்டில் வந்த கொஞ்சம் அரிசியை எனக்கும் குழந்தைக்கும் வடித்துப் போட்டுவிட்டு, அண்ணி மூன்று வேளையும் மரவள்ளியையே தின்றாள். கேட்டால், "எனக்கு அதுதான் பிடிக்குது" என்பாள். நம்பினேன். பசிக்கிற வயிற்றுக்கு நம்புவது சுலபம்.

முதலில் அவளுக்கு வயிறுதான் கெட்டது. நிற்காத பேதி. நாக்கு சிவந்து புண்ணாகி, தண்ணீர் பட்டாலே துடித்தாள். கழுத்தைச் சுற்றியும் கைகளிலும் தோல் வெந்தது போலக் கறுத்து உரிந்தது. அதன் பிறகுதான் மனம் தடுமாறியது. காரணமில்லாமல் அழுதாள், சுவரைப் பார்த்துப் பேசினாள், பெற்ற மகளை "இது யார் வீட்டுப் பிள்ளை?" என்றாள். எல்லாம் நடந்த வரிசை எங்கள் கண்முன்னேதான் இருந்தது. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. புருஷன் போன ஏக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள் சிலர். ரப்பர்க் காட்டில் பேய் அடித்துவிட்டது என்றார்கள் மற்றவர்கள். தோட்டத்துக் கணக்கும் பங்கீடும் பார்த்த கிராணி இரண்டையும் சொல்லவில்லை. வேலைக்கு வராதவளுக்கு அரிசி கிடையாது என்று பங்கீட்டுப் புத்தகத்தில் அவள் பேரை அடித்துவிட்டார். சத்தில்லாமல் சாய்ந்தவளுக்கு, சாய்ந்துவிட்டாள் என்பதற்காகவே மிச்சமிருந்ததையும் நிறுத்தினார்கள்.

பேயோட்ட வந்த பூசாரி பிரம்பால் அடித்தபோது அவள் கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். தோல் உரிந்த கைகள். இன்றைக்கு யார் மேல் கோபப்பட்டாலும் அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

பிரம்படிக் காயத்துக்கு மருந்து கட்டத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிப்போனேன். மருந்தலமாரி காலியாக இருந்தது. அங்கே வைத்தியம் பார்த்த டிரஸ்ஸர் காயத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் நாக்கைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். "யாரும்மா இவங்கள அடிச்சது?" என்று கேட்டார். பேயோட்டியதைச் சொன்னேன்.

"இது பேயும் இல்ல, பைத்தியமும் இல்ல. வெறும் மரவள்ளியத் தின்னு வயிறு செத்துப்போச்சு. வயிறு போனா மூளையும் போகும்மா. தவிடு கெடச்சா கஞ்சி வச்சுக் குடு. கச்சான் கடலை, நெத்திலி, கீரை, எது கெடச்சாலும் குடு."

தவிடு தோட்டத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது. கிராணி வீட்டுக் கோழிகள் தின்றுகொண்டிருந்தன. போய்க் கேட்டேன். அவர் சாய்வு நாற்காலியை விட்டு அசையவில்லை.

"கோழி முட்டை போடுது. ஒங்க அண்ணி என்ன போடுறா?"

மறுநாளிலிருந்து, வேலைக்குப் போகும் முன் அந்த வீட்டு வாசலைக் கூட்டித் தருகிறேன் என்று நானே போய் நின்றேன். கூட்டுகிற சாக்கில் கோழித் தொட்டியிலிருந்து இரண்டு கை தவிட்டை முந்தானையில் முடிந்துகொள்வேன். ஒருநாள் கிராணியின் மனைவி பார்த்துவிட்டாள். திரும்பி உள்ளே போனாள். அடுத்த நாள் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிடி கச்சானும் இருந்தது.

தவிட்டை அரித்து, கசப்புக் கஞ்சியாகக் காய்ச்சி ஊட்டினேன். பேதி நின்றது. நாக்குப் புண் ஆறியது. மூன்றாம் வாரமோ நான்காம் வாரமோ, ஒரு காலையில் கஞ்சியை வாயில் வாங்கியவள், "உப்பே போடலியா?" என்றாள். பிறகு மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். குழந்தை பயந்து என் பின்னால் ஒளிந்துகொண்டது.

அண்ணன் திரும்பி வரவில்லை. வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். கிராணி கிராணியாகவே இருந்தார். கோயில் திருவிழாவில் அவருக்குத்தான் முதல் மாலை. அண்ணிக்கு மட்டும் 'பைத்தியக்காரி' என்ற பேர் நிலைத்தது. இப்போது சுங்கைப் பட்டாணி டவுனில் ஒரு டாக்டர், குடலுக்கும் மனசுக்கும் தொடர்பு உண்டு பாட்டி என்று புதுச் செய்தி போல எனக்கு விளக்குகிறார். நல்ல பிள்ளை, அவர் மேல் கோபமில்லை. காலி அலமாரிக்கு முன்னால் நின்று அந்த டிரஸ்ஸர் சொன்னதைத் தோட்டத்தில் ஒருவரும் காதில் வாங்கவில்லையே என்பதுதான் பொறுக்கவில்லை.

சண்டை முடிந்து பல வருடம் கழித்து, அண்ணி மகளைப் பெண் பார்க்க வந்த அன்று, பெரிய மனிதர் என்று கிராணியையும் நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பக்கம் சாய்ந்து, "மறைக்கக் கூடாது பாருங்க. தாய்க்குக் கொஞ்ச நாள் புத்தி சரியில்லாம இருந்துச்சு" என்றார்.

தேநீர்த் தட்டோடு வந்த அண்ணி அதைக் கீழே வைத்தாள். குரல் உயரவில்லை.

"ஆமாங்க, சரியில்லாமத்தான் இருந்துச்சு. அப்ப என் பேர அடிச்சு நிறுத்துன அரிசி எங்க போச்சுன்னு அவரையே கேளுங்க."

யாரும் கேட்கவில்லை. கிராணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டார் நல்ல நேரம் முடிகிறது என்று எழுந்தார்கள். அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று. நான் ஆத்திரத்தில் அழுதுகொண்டிருந்தேன். அண்ணி, அவர்கள் தொடாமல் விட்டுப்போன கேசரித் தட்டுகளில் ஒன்றை மகள் கையில் கொடுத்தாள், ஒன்றை என் பக்கம் தள்ளினாள். மூன்றாவதைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, நிதானமாக, கடைசித் துணுக்குவரை தின்றாள்.