சித்தப்பாவின் விருப்ப மனுவும் ஒரு பிரெஞ்சு மேயரும்

ஆன்லைனில் பிரெஞ்சு படிக்கத் தொடங்கிய நான்காவது மாதம், பிரான்சு நாட்டு அரசியல்வாதி ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நான் தேர்ந்தெடுத்தவர் ஒரு சின்ன ஊரின் மேயர். அப்புறம் நாடாளுமன்ற உறுப்பினர். பல வருடம் இரண்டு பதவியையும் சேர்த்தே வைத்திருந்தார். எனக்கு அவர்மேல் பித்தே பிடித்துவிட்டது.

அதே வாரம்தான் சித்தப்பா எம்.எல்.ஏ. சீட்டு கேட்டுக் கட்சியில் விருப்ப மனு கொடுத்தார். பூலாம்பாடி பேரூராட்சியில் மூன்று முறை கவுன்சிலர். நேர்காணலுக்குக் கொண்டுபோக அவரைப் பற்றி எழுதித் தரும் வேலை என்னிடம் வந்தது.

"சாதனைன்னு என்ன சித்தப்பா போடறது?"

"போன முகூர்த்தத்துல ஒரே நாள்ல பதினோரு கல்யாணத்துக்குப் போனேன். அதப் போடு பாப்பா."

பிரான்சில் கல்யாணத்தை நடத்திவைப்பதே மேயர் அலுவலகம்தான். அந்தத் தைரியத்தில், 'மணமேடைகளில் இடைவிடாத மக்கள் பணி' என்று எழுதிவிட்டேன். மேயர் கதையையும் சொன்னேன்: ஒருவருக்கு ஒரு பதவிதான் என்று சட்டம் வந்ததும் நாடாளுமன்றத்தை விட்டார், ஊரை வைத்துக்கொண்டார்.

சித்தப்பா டீ டம்ளரைக் கீழே வைத்தார். "எம்.பி.ய வுட்டுட்டுச் சாக்கடை பாக்க வந்தானா? வூட்டுல யாரும் புத்தி சொல்லலியா?"

பெரம்பலூரில் கலர் பிரிண்ட் போட்ட நான்கு பக்கங்களோடு சென்னைக்குப் போனார். திரும்பி வந்தபோது தாள்களில் நான் குத்திய ஸ்டேப்ளர் பின் அப்படியே இருந்தது; யாரும் புரட்டிய தடமே இல்லை.

"சீட்டு வேற யாருக்காச்சும் குடுத்தா வேலை செய்வீங்களான்னு கேட்டாங்க. செய்வேன்னேன். நல்லதுன்னு அனுப்பிட்டாங்க."

கட்சியின் வேட்பாளர் பட்டியலில் வேறொருவர் பெயர் வந்தது. மறுநாள் காலை, துக்கம் விசாரிப்பதுபோல் கட்சிக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பிரான்சுல ஒரு பெரிய மனுசன் எம்.பி. பதவியத் தூக்கிப் போட்டுட்டு ஊருக்கே வந்துட்டாருய்யா. ஊருதான் முக்கியம். கேளுங்க எங்க பாப்பாவ."

நான் பலமாகத் தலையாட்டினேன்.

வாசலில் காலிக் குடத்தோடு எதிர்வீட்டு அக்கா. "கவுன்சிலரே, மூணு நாளா கொழாயில சொட்டுத் தண்ணி இல்ல. பிரான்சு போறதுக்கு முந்தி அதப் பாத்துட்டுப் போங்க."

எல்லாரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்துக்கொண்டே செருப்பைத் தேடினார். படியிறங்கும்போது என் பக்கம் குனிந்து, மெதுவாகக் கேட்டார்:

"அந்த ஆளு மறுபடி எம்.பி.க்கு நின்னாரா, பாப்பா?"

"பாடத்துல அதுவரைக்கும் வரல, சித்தப்பா."

"பாத்துச் சொல்லு" என்று குழாயடிக்கு நடந்தார்.