நல்லதண்ணியில் பூட்டுக்குக் காத்திருந்த புரோகிராம்கள்

புரோகிராம் எழுதுவது பெரிய வேலையே இல்லை. ஒரு புரோகிராமை இன்னொன்றுக்காகப் பொறுமையாக நிற்க வைப்பதுதான் உயிரை வாங்கும். பட்டவர்களுக்குத் தெரியும், மற்றவர்கள் சும்மா கேளுங்கள்.

கால் இல்லாத படம்

ஓ/எல் பரீட்சை முடிந்ததும் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, யாத்திரை சீசனுக்கு மலையடிவாரத்து நல்லதண்ணியில், நானா என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு முஸ்லிம் முதலாளியின் போட்டோக் கடையில் சேர்ந்தேன். சிவனொளிபாத மலை பின்னால் தெரிய யாத்திரைக்காரர்களைப் படம் பிடித்து, அவர்கள் பஸ் ஏறுமுன் பிரிண்ட் கொடுக்க வேண்டும். பைத்தனில் இரண்டு புரோகிராம் எழுதினேன். ஒன்று கேமரா கார்டிலிருந்து படத்தைக் கம்ப்யூட்டருக்கு இறக்கும்; மற்றது பிரிண்ட் போடும்.

இறக்கி முடியுமுன்பே இரண்டாவது அவசரப்பட்டுவிட்டது. படத்தின் கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம். இன்னொரு தடவை நடந்தால் புரோகிராமும் வேண்டாம் நீயும் வேண்டாம் என்றார் நானா. அப்படியென்றால் எனக்குக் கொழும்பில் துணிக்கடைதான். மாமா ஏற்கெனவே பேசி வைத்திருந்தார். படத்தை வாங்கிய, றொசல்ல ஊரிலிருந்து வந்த யாத்திரைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, மலையேறுனது காலுதான். அதத்தான் காணோம்."

வாளி வைத்த புத்தி

சரி, பூட்டு வேண்டும். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தின் பொதுப் பைப்பில் வாளியை வைத்துவிட்டுப் போனால் அந்த இடம் வாளிக்காரருடையது, யாரும் தொடக்கூடாது. எனக்குத் தெரிந்த பூட்டு அதுதான். இறக்கும் புரோகிராம் தொடங்கும்போது ஒரு வெற்று ஃபைலை வைக்கும், முடிந்ததும் எடுத்துவிடும். ஃபைல் இருக்கும்வரை பிரிண்ட் புரோகிராம் காத்திருக்கும்.

கொஞ்ச நாள் ஜோராக ஓடியது. பிறகு படம் பிடிக்கிற சுகந்தி அக்கா பாதியில் கார்டைப் பிடுங்கிட்டாங்க. இறக்கும் புரோகிராம் செத்தது. ஃபைல் அப்படியே கிடந்தது. பிரிண்ட் புரோகிராம் அதைப் பார்த்துக்கொண்டு மரம் மாதிரி நின்றது. வெளியே பஸ் ஹார்ன் அடிக்கிறது. கூட்டம் நிரம்பும் பௌர்ணமிப் போயா வரைக்கும் பார்ப்பேன் என்றார் நானா. வாளிக் கதையைச் சொல்லி என்ன ஆனது என்று விளக்கியதும், லிந்துலை லயத்தில் வளர்ந்த அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஆளே போயிருச்சு, வாளிக்கு என்னடா மரியாத? தூக்கி ஓரமா வையி."

போயா காலை

அப்படித் தூக்கவும் முடியாது. ஆள் போய்விட்டானா, மெதுவாக வேலை செய்கிறானா என்று ஃபைல் சொல்லாது. அதனால் விண்டோஸே தரும் மியூடெக்ஸ் என்ற பூட்டுக்கு மாறினேன். பூட்டை வைத்திருந்த புரோகிராம் செத்தால், காத்திருக்கும் புரோகிராமுக்குப் பூட்டும் கிடைக்கும், வைத்திருந்தது செத்துவிட்டது என்ற தகவலும் சேர்ந்து வரும். அப்படி வந்தால் பாதிப் படத்தை அழி, மறுபடி இறக்கச் சொல் என்று எழுதினேன்.

போயா காலையில் கடை முன்னால் நிற்க இடமில்லை. நானா என் முதுகுக்குப் பின்னால். அவசரத்தில் அக்கா மறுபடி கார்டைப் பிடுங்கிட்டாங்க. நான் கீபோர்டைத் தொடவில்லை, கையைக் கட்டிக்கொண்டேன். பிரிண்ட் புரோகிராம் பாதிப் படத்தை வீசியது, இறக்குவதைத் திரும்பக் கிளப்பியது. அக்கா கார்டைச் செருகியதும் ஒரு சிங்களக் குடும்பம் தலையிலிருந்து செருப்புவரை முழுசாக வெளியே வந்தது. கடைசி பஸ் வரைக்கும் ஒரு படம்கூடக் கெடவில்லை. நான் எழுதினது, நான் நினைத்த மாதிரியே ஓடியது. எப்போது கிளம்புகிறாய் என்று மாமா எனக்குப் போன் எடுத்துக் கேட்டார். நானா போனை என் கையிலிருந்து வாங்கினார். "துணிக்கடைக்கு வேற ஆளப் பாருங்க. இந்தப் புள்ளய நான் விட மாட்டேன்."

வகுப்பில் மணி அடிக்கும்வரைகூட உட்காரத் தெரியாத நான், இப்போது காத்திருக்கத் தெரிந்த புரோகிராம் எழுதித்தான் சம்பளம் வாங்குகிறேன்.