இல்லாத கிணற்றுக்கு ஒதுங்கிய வீடுகள்

காலை 6.40. மாட்டுத்தாவணியில் அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது எனக்கு எரிச்சல்தான் இருந்தது. முப்பத்தாறு வயதில், சொந்தமாக அலுவலகம் வைத்திருக்கிற ஒரு ஆர்க்கிடெக்ட், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பையில் டேப்பும் டார்ச்சும் போட்டுக்கொண்டு கிளம்புவது யாருக்குப் பிடிக்கும்? பட்டம் வாங்கிப் பதிவு செய்துவிட்டால் படிப்பு முடிந்தது என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம். இல்லை, தொழிலில் இருக்கும்வரை புதிதாக எதையாவது கற்றுக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார்கள். மூன்று ஆண்டு சாக்குப்போக்குச் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் விரிசல் விட்ட கட்டடங்களை ஆராயும் தனிப் படிப்பு ஒன்றில் சேர்ந்தேன். ஆறு மாதம், சனிக்கிழமைதோறும் வகுப்பு. இன்று களப்பயிற்சி. ஆளுக்கு ஓர் ஊர், ஊருக்கு ஐந்து வீடு. எனக்குப் பரளச்சி விழுந்தது. டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய்.

8.15. அருப்புக்கோட்டையில் ஒரு டீ குடித்துவிட்டு டவுன் பஸ் பிடித்தேன். பெண்களுக்கு டிக்கெட் இலவசம். கண்டக்டர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தார்.

"பரளச்சியில யாரு வீட்டுக்கு மேடம்?"

"வீட்டுல விரிசல் பாக்கப் போறேன்."

"அப்ப ஒரு வீடு விடாம பாக்கணும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊரைத் தாண்டியதும் இருபுறமும் கரிசல். பருத்தி எடுத்து முடித்த காடு. பங்குனி வெயிலுக்கு மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. இடையிடையே சீமைக்கருவேலம். சுமார் இருபது கிலோமீட்டரில் ஐந்தாறு பேரைத்தான் வெளியில் பார்த்திருப்பேன்.

9.30. பட்டியலில் இருந்த தெரு காலியாக இருந்தது. வேலைக்குக் கூட்டிப்போகும் வேன்கள் விடியலிலேயே வந்துபோய்விட்டன என்று அப்புறம் தெரிந்தது. கதவுகள் பூட்டியிருந்தன. கோழிச் சத்தம்கூட இல்லை. முதல் வீட்டின் முன் நின்று போட்டோ எடுக்கப் போனவள் போனைக் கீழே இறக்கினேன். இந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன். எதிரே பச்சைப் பெயின்ட் அடித்த இரண்டாவது வீடு. அதையும் பார்த்திருக்கிறேன். அடுத்து ரோஸ் நிறத்தில் மூன்றாவது. மூன்றுக்கும் தென்கிழக்கு மூலை கோணலாக வெட்டப்பட்டிருந்தது. வீட்டின் மூலை எதற்கோ பயந்து ஒதுங்கியது போல.

மனைகள் எல்லாம் நேரான மனைகள். ஒதுங்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தக் கோணலை வரைந்தவள் நான். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், மல்லாங்கிணற்றில், நான் தனியாக வரைந்த முதல் வீடு. அந்த மனையின் தென்கிழக்கு மூலையில் பங்காளிகளுக்குப் பொதுவான ஒரு கிணறு இருந்தது. அதற்காகப் படுக்கையறைச் சுவரைக் கோணலாக்கினேன். ஒரே ஒரு வீடு. படம் கொடுத்ததோடு சரி, கட்டும்போது நான் அந்தப் பக்கம் போகவில்லை. இங்கே கிணறு எங்கே இருக்கிறது?

9.50. ரோஸ் வீட்டில் மட்டும் ஆள் இருந்தது. பாண்டிச்செல்வி, முப்பது வயதிருக்கும். அருப்புக்கோட்டையில் ஜவுளிக்கடை வேலை. கணவர் லாரி ஓட்டுகிறார். கொழுந்தனுக்குக் கல்யாணம் வைத்திருப்பதால் மாடியில் ஒரு ரூம் எடுக்கப்போகிறார்கள், செங்கல் லோடு இறங்கியிருந்தது, அதற்காக லீவு போட்டிருந்தார். திங்கட்கிழமை வேலை தொடக்கம்.

படுக்கையறை இருட்டாக இருந்தது. உள்ளே நுழைந்தவள், கதவைப் பாதி சாத்தி அதன் பின்னால் கைவிட்டு லைட்டைப் போட்டேன். போட்ட பிறகுதான் என்ன செய்தேன் என்று புரிந்தது. கதவு திறந்தால் மறைகிற இடத்தில் சுவிட்சை வைத்தது என் அன்றைய அறியாமை. அதையும் விடாமல் கட்டியிருந்தார்கள்.

பாண்டிச்செல்வி வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "புதுசா வர்றவுக எல்லாரும் சுவிச்சத் தேடித்தான் நிப்பாக. ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"குத்துமதிப்பாத்தான்" என்று பொய் சொன்னேன்.

கோணல் சுவரில், உச்சியிலிருந்து தரைவரை ஒரு விரிசல். அதன் வழியாக வெயில் உள்ளே வந்து, கட்டில்மேல் கத்திபோல ஒரு கோடாக விழுந்திருந்தது. விரிசலின் நடுவில் பழைய சேலைத்துணி ஒன்று பாதி தொங்கியது.

"நாந்தான் அடைச்சேன். ஐப்பசி மழைக்கு செவரு மூடிக்கிருச்சு, துணியக் கவ்விக்கிருச்சு. வெயில் வந்தாத் தொறக்கும், மழைக்கு மூடும். வீடு மூச்சு விடுதுன்னு எங்க மாமியா சொல்லுவாக."

துணியைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். மேல்பாதி வரவில்லை. உள்ளிருந்து யாரோ பிடித்திருப்பது போல இருந்தது, கையை எடுத்துவிட்டேன்.

வெளியே, கோணலால் மிச்சமான முக்கோண இடம் சுத்தமாகப் பெருக்கிக் கிடந்தது. நடுவில் ஒரு அகல்விளக்கு, எண்ணெய்க் கறையோடு.

"அக்கினி மூலையில காலி விட்டாத்தான் குடும்பத்துக்கு ஆகும்னு கொத்தனார் சொன்னாரு. வெள்ளிக்கெழம வெளக்கு வப்போம். இந்தப் பிளான்ல கட்டுன எல்லா வீட்டுலயும் வப்பாக. காலு படக்கூடாது, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றேன். நான் வரைந்த கோட்டுக்கு விளக்கு வைக்கிறார்கள். பயமாக இருந்தது. அடுத்து டேப்பைச் சுவரோரத் தரை வெடிப்புக்குள் விட்டேன். மூன்றரை அடி போயிற்று, நாலு போயிற்று, அடி தட்டவில்லை. என் படத்தில் அஸ்திவாரம் மூன்றரை அடி. மண் பிளந்திருக்கும் ஆழத்துக்கு அஸ்திவாரம் போகவே இல்லை. இந்தச் சுவர்மேல்தான் மாடி ஏறப்போகிறது.

11.20. பாண்டிச்செல்வி போன் செய்ததும் கொத்தனார் வேலுச்சாமி மொபெட்டில் வந்தார். ஐம்பது தாண்டியவர், நிதானமானவர். வண்டிப் பெட்டியிலிருந்து, முன்பக்கம் மட்டும் கண்ணாடித்தாள் ஒட்டிய ஒரு ஜெராக்ஸை எடுத்துக் காட்டினார். என் கையெழுத்தில் அளவுகள். பெயரும் முத்திரையும் இருந்த அடி ஓரம் ஜெராக்ஸில் விடுபட்டுப் போயிருந்தது. பேசாமல் விரிசலை அளந்து எழுதிக்கொண்டு நான் பஸ் ஏறியிருக்கலாம். ஒருவருக்கும் தெரியாது. உண்மையைச் சொல்கிறேன், ஏறிவிடத்தான் நினைத்தேன்.

"ராசியான படம் மேடம். மல்லாங்கிணத்துல அந்த வீட்டுக்கு நாந்தான் வேல பாத்தேன். அவுக நல்லா வந்துட்டாக. அதப் பாத்துட்டு இதே மாதிரி வேணும்னு எல்லாரும் கேட்டாக. இந்தா, இருவத்தாறு கட்டிட்டேன்."

"அத வரைஞ்சது நான்தான்" என்றேன்.

பாண்டிச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டார். "அய்யோ, நீங்கதானாக்கா அது! அதான் கை நேரா சுவிச்சுக்குப் போச்சு. அக்கா, திங்கக்கெழம வந்து ஒரு கல்லு எடுத்து வச்சுட்டுப் போங்க."

அதைக் கேட்டுத்தான் மீதியையும் சொல்ல எனக்கு வாய் திறந்தது. கிணற்றைப் பற்றிச் சொன்னேன். அந்த மூலைக்கு வாஸ்துவும் இல்லை, ஒன்றும் இல்லை என்றேன். வேலுச்சாமி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க கெணத்தப் பாத்தேன், ஆனா வாஸ்துக்குத்தான் மூல விட்டீகன்னு நெனச்சேன். அப்ப இத்தன வருசமா ஒரு கெணத்துக்கா நான் ஒதுங்கி ஒதுங்கிக் கட்டுனேன்?" குரல் உயர்ந்தது. "சரி, கெணறு கெடக்கட்டும். அந்த வீடு இன்னைக்கு வரைக்கும் விரிசல் விடலயே?"

"அங்க அடியில சரளை. இது கரிசல். இதுக்கு அந்த அஸ்திவாரம் பத்தாது."

"படத்துல அது போடலயேம்மா."

சுவிட்சைக்கூட விடாமல் என் படத்தை மதித்துக் கட்டிய மனிதர். மண்ணைப் பற்றி ஒரு வரி இருந்திருந்தால் அதையும் மதித்திருப்பார். மல்லாங்கிணற்றில் மண்ணை நான் தோண்டிப் பார்க்கவே இல்லை. அடியில் சரளை என்று வீடு எழும்பிய பிறகுதான் கேள்விப்பட்டேன், அது என் அதிர்ஷ்டம். பன்னிரண்டு ஆண்டாக அதைத் திறமை என்று நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

"எங்க வீட்டுக்காரர் நம்ப மாட்டாக. ஒங்க பேரு போட்டு எழுதிக் குடுப்பீகளா?" என்றார் பாண்டிச்செல்வி.

இருபத்தாறு வீட்டுக்கும் அது என் வாக்குமூலம் ஆகும் என்று தெரிந்துதான் பேனாவை எடுத்தேன். ஜெராக்ஸின் பின்பக்கம், கரிசலில் இந்தப் படத்தைக் கட்டக் கூடாது, இந்த வீட்டில் மாடி எடுக்கக் கூடாது என்று எழுதி, பெயரும் போன் நம்பரும் போட்டேன். பாண்டிச்செல்வி அதைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு நானும் வேலுச்சாமியும் மற்ற வீடுகளுக்குப் போவதாகப் பேச்சு. அவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. படத்தை மட்டும் பெட்டிக்குள் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு போனார்.

பூட்டியிருந்த வீடுகளைச் சாயங்காலம் ஆள் வரும்வரை வெளியிலிருந்தே அளக்க வேண்டியிருந்தது. யாரும் வரவில்லை. நான்கு மணி பஸ்ஸில் கிளம்பினேன்.

மாலை 6.10. காரியாபட்டியில் பஸ் நின்றது. மதுரையில் வேலை பார்த்துத் திரும்பும் கூட்டம் எதிர்ப்பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. மதுரையில் நான் இருப்பது ஒரு வாடகை ஃபிளாட். அதை வரைந்தது யார் என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை, நிம்மதியாகத் தூங்குகிறேன். வீடு என்றால் எல்லாரும் அப்படித்தான் தூங்குகிறார்கள், முகம் தெரியாத ஒருவரை நம்பி. அப்போது போன் அடித்தது.

"அக்கா, பாண்டிச்செல்வி பேசுறேன். அந்த ரூம்ல இன்னைக்குப் படுக்கலாமாக்கா?"

ஆறு மாதப் படிப்பில் எத்தனையோ வார்த்தை கற்றிருந்தேன். "வேண்டாம். எல்லாரும் ஹால்ல படுங்க" என்றேன்.

"எதுத்த பச்ச வீட்டுக் கோமதி இப்பத்தான் வேலைல இருந்து வந்தா. அவளும் அதே ரூம்லதானக்கா படுப்பா. கைப்பிள்ளக்காரி."

"இப்பவே போய்ச் சொல்லுங்க."

"நாஞ்சொன்னாக் கேக்க மாட்டா. இருங்க, நடந்துக்கிட்டேதான் இருக்கேன். அவகிட்டக் குடுக்கேன்."

செருப்புச் சத்தம் கேட்டது. கதவு தட்டும் சத்தம். தாழ் விலகியது. போன் கைமாறியது. மறுமுனையில் ஒரு பெண்ணின் மூச்சு கேட்டது. அவருக்கு என்னைத் தெரியாது. முதலில் என் பெயரைச் சொன்னேன். அப்புறம், "நீங்க படுக்கிற ரூம வரைஞ்சது நான்தாம்மா" என்றேன்.