ஆயர் தாவார் தோட்டத்தில் இரண்டு சக்கரங்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில், தீபாவளிக்கு முதல் நாள் காலை ஆறே முக்காலுக்கு ஈப்போவில் பஸ் ஏறினேன். ஆயர் தாவார் ஏறக்குறைய நாற்பது மைல்; கட்டணம் இரண்டு வெள்ளி இருபது காசு. பக்கத்தில் மாணிக்கம். ஜெலாப்பாங்கில் பழைய இரும்புக் கடையில் என்னோடு வேலை செய்பவன். ஆறாம் வகுப்போடு நின்ற எனக்கு அங்கே ஒரு படிப்பு கிடைத்தது. பட்டாளத்து வண்டிகளை எட்டு வருடம் வெட்டியிருக்கிறேன். எந்தச் சக்கரம் எதனுடையது என்று தொட்டே சொல்வேன். அதற்காகத்தான் என்னைக் கூட்டிப் போனான்.

ஜப்பான்காரன் காலத்தில் அவன் அப்பாவைச் சயாம் ரயில் பாதை வேலைக்கு லாரியில் ஏற்றிப் போனார்கள். அங்கே போனவர்கள் பெரும்பாலும் திரும்பவில்லை. அந்த லாரி ஆயர் தாவாரில் அவர்கள் ரப்பர் தோட்டத்துக் கால்வாயில் கவிழ்ந்தது, சிலர் காட்டுக்குள் ஓடித் தப்பினார்கள் என்று ஒரு பேச்சு. அதை நம்பி அவன் அம்மா அஞ்சலை இன்னும் தாலியைக் கழற்றவில்லை. தீபாவளிக்கு முதல் நாள் செத்தவர்களுக்குப் படையல் வைக்கும்போது கணவனுக்கு இலை போட விடுவதுமில்லை. போன மாதம் ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நடக் கால்வாயைத் தோண்டியபோது இரண்டு சக்கரங்கள் கிடைத்தன. லாரியோடதுதான் என்று தோட்டமே சொல்லிவிட்டது.

"நீ பாத்து ஒரு வார்த்தை சொல்லு மச்சான். எதுவா இருந்தாலும் சரிலா. முப்பத்தஞ்சு வயசாச்சு, எங்கப்பனுக்கு ஒரு இலை போட்டதில்ல."

எட்டரைக்கு இறங்கினோம். செம்மண் பாதையில் மூன்று மைல் நடை. முந்தின நாள் மழையில் பாதை சேறு; செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டோம். ஒரு பக்கம் வெட்டிச் சாய்த்த ரப்பர் மரங்கள், மறுபக்கம் முழங்கால் உயரச் செம்பனைக் கன்றுகள்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், மாணிக்கத்தின் வீட்டு வாசலில் சக்கரங்கள் சாய்ந்திருந்தன. கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்திருந்தார்கள். அஞ்சலையம்மா காபி கொடுத்தார். "ஈப்போவுல சோறே போட மாட்டாங்களா தம்பி? எலும்பா இருக்கியே." பிறகு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

சுற்றிலும் கெட்டி ரப்பர். காற்றடிக்க இடமே இல்லை. மஞ்சளைத் துடைத்தேன். விளிம்பு இரண்டு பக்கமும் ஒரே அளவு தேய்ந்திருந்தது. சாலையில் ஓடும் சக்கரம் அப்படித் தேயாது. இரும்புப் பட்டையின் பற்களுக்கு நடுவே ஓடினால்தான் தேயும்.

பொய் சொல்லலாமா என்று ஒரு மடக்கு காபி குடிக்கும் நேரம் யோசித்தேன்.

"லாரி இல்லம்மா. சங்கிலிப் பட்டை போட்ட பட்டாளத்து வண்டி. ஜப்பான்காரன் வந்தப்ப வெள்ளைக்காரன் விட்டுட்டு ஓடியிருப்பான்."

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன்மா."

"அப்ப கால்வாயில கவுந்து கெடந்தது இதுதானா?"

"இதாத்தான் இருக்கணும்."

"ஓடிப்போன வெள்ளைக்காரன் சக்கரத்துக்கா ஒரு மாசமா பொட்டு வெச்சேன்?" சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "அப்ப லாரி நேரா சயாமுக்கே போயிருச்சு," என்றார் தனக்குள்.

எழுந்து முந்தானையை உதறி மாணிக்கத்தின் பக்கம் திரும்பினார்.

"டேய், தாத்தா பாட்டிக்கு ரெண்டு. இன்னிக்கு மூணு இலையா அறு. அவருக்குக் கருவாடு இல்லாம சோறு எறங்காது. கடைக்குப் போயிட்டு வா."

இரண்டு மணிக்குச் சாலைக்குத் தனியாக வந்தேன். தெலுக் ஆன்சன் சந்தையில் காய்கறி விற்கும் என் அக்காவுக்குக் கடிதம் எழுதி ஆறு வருடமாகிறது. நான் எங்கே இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. இன்றைக்கு அவள் எத்தனை இலை அறுப்பாள் என்று யோசித்தபடி நின்றேன். ஈப்போ பஸ் வந்து நின்றது, போனது. சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போனேன். சித்தியவானில் பஸ் மாறினால் இருட்டுவதற்குள் தெலுக் ஆன்சன் போய்விடலாம்.